தகப்பன் கட்டம்

பேட்டை ரயில்வே கேட்டுக்கு வடக்கே
மாடி அறையில் ஒன்பது பிளாஸ்டிக் பெட்டி.
மூடிகளில் சூட்டுக்கம்பியால் நான் போட்ட துளைகள்.
உள்ளே தேங்காய் நார்த்தூள், ஒரு தண்ணீர்க் கிண்ணம்,
ஒரு சோளப்பாம்பு.

அமெரிக்க வம்சம். நம்மூர்ச் சாரை இல்லை,
அதை வளர்த்தால் வனத்துறை வரும்.
இவற்றுக்குக் காகிதம் உண்டு.
காகிதத்தில் தாய்க்கு ஒரு கட்டம், தகப்பனுக்கு ஒரு கட்டம்.
ஒன்பதில் ஏழுக்கு
இரண்டு கட்டத்திலும் அதே எண்கள்.

குளிர்ந்தால்தான் இணையும் என்கிறார்கள்.
மார்கழியிலும் போர்வை தேடாத ஊரில்
டிசம்பர் முழுக்க அந்த அறைக்கு ஏ.சி.,
எங்களுக்கு மின்விசிறி.
கரண்ட் பில்லைப் பார்த்து அம்மா சொன்னாள்:
"பாம்புக்கு ஊட்டி, பெத்தவளுக்குப் பேட்டை."

ஜோடி பார்ப்பது நிறம் பார்ப்பதல்ல.
முதலில் நானும் நிறந்தான் பார்த்தேன்:
சிவப்புக் கண், தாழம்பூ உடம்பு,
அண்ணனும் தங்கையும்.
பத்து முட்டை, பத்தும் பொரிந்தன.
எதற்கும் எதுவும் ஆகவில்லை.
அதுதான் மோசம்,
முதல் தடவை எதுவும் ஆகாது.

அந்தப் பிள்ளைகளை மறுபடி தங்களுக்குள் சேர்த்தேன்.
பதினொன்றில் நான்கு முட்டை சப்பையாக அமுங்கின.
இரண்டு, தோட்டைக் கீறாமலே
உள்ளே முழுசாக வளர்ந்து செத்திருந்தன.
ஐந்து வெளியே வந்தன.
ஐந்தும் அழகு.

மந்திரத்தைக் கூப்பிட்டேன்.
மந்திரமூர்த்தி, என் அண்ணன்.
பள்ளிக்கூட நாளில் ஆறு மணிக்கு மேல் தெரியாது,
இப்போது மத்தியானமே அவனுக்குச் சாயங்காலம்.
குட்டியைக் கட்டைவிரலின் மேல் ஓடவிட்டான்
கழுத்திலிருந்து வால் வரைக்கும்.
"ஏட்டி, இங்கன ஒரு முடிச்சு இருக்கு."
டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.
பதினைந்தாம் நாள் இருந்தது.

புது ரத்தம் தேடினேன்.
தூத்துக்குடியில் கிங்ஸ்லி ரொட்ரிகோவிடம் ஓர் ஆண்,
நானூறு கிராம், இதுவரை இரையை மறுத்ததில்லை.
துணிப்பையில் கட்டித் தெர்மாகோல் பெட்டியில் வைத்து
மடியோடு பஸ்ஸில் கொண்டுவந்தேன்.
பக்கத்து சீட்டு அம்மா, "மீனா?" என்றாள்.
"விலாங்கு" என்றேன்.

காகிதம் மறுநாள் கூரியரில் வந்தது.
தாய் வேறு.
தகப்பன் கட்டத்தில், மாதவரத்துக்காரரின் கிழட்டு ஆண்,
என் மூத்த பெண்ணைப் பெற்ற அதே எண்.
மதுரைக்குத் தெற்கே இருக்கிற அத்தனையும்
ஒரே பெட்டியிலிருந்து வந்தவையோ என்னமோ.

சேர்த்தால் என்ன ஆகும்? கணக்குப் போட்டேன்.
பாதியின் பாதியின் பாதி,
எட்டில் ஒரு பங்கு.
போன தடவைக்கு இது தேவலை என்றுகூடத் தோன்றியது.
பென்சிலைக் கீழே வைக்கும்போதுதான்
இந்தப் பின்னத்தை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று.

மதுரைக் கண் ஆஸ்பத்திரி. மந்திரத்தின் ஃபைல்.
டாக்டரம்மா வட்டமும் சதுரமும் வரைந்து
நடுவில் இரட்டைக் கோடு இழுத்த இடம்:
அம்மா, அம்மாவின் தாய்மாமன்.
கோட்டுக்குக் கீழே 1/8.
"சொத்து வெளிய போயிரக் கூடாதுன்னு..."
மேலே ஓடிய மின்விசிறியைப் பார்த்து அம்மா சொன்னாள்.
சொத்து என்பது
பேட்டையில் ஒன்றேகால் சென்ட்.

ஆணைத் திருப்பிக் கொண்டுபோய் விட்டேன்.
ரொட்ரிகோவுக்குக் கோபம்.
"பாம்புக்கு என்னம்மா முறையும் கிறையும்?"
ஒரு தடவை இணைந்துவிட்டுப் போகட்டும் என்றார்.
நிறம் பிரமாதமாக வரும் என்றார்.
வரும்தான்.

அந்த வருஷம் முட்டை இல்லை.
ஏ.சி.யை எங்கள் அறைக்கு மாற்றிக்கொண்டோம்.

அடுத்த ஆவணியில் கோயம்புத்தூரிலிருந்து ஒன்று,
காகிதம் முதலில் வந்தது, பாம்பு பிறகு.
நான்கு தலைமுறைக் கட்டத்திலும் நமக்குத் தெரிந்த எண் இல்லை.
செங்கல் நிறம். யாரும் விலை கேட்காத நிறம்.
இரண்டு மாதம் கீழ் அறையில் தனியே வைத்து
மூன்றாம் மாதம் அண்ணன் கையில் கொடுத்தேன்.

"எந்த ஊரு மாப்பிள்ளை?"
"கோயம்புத்தூர்."
"சொந்தமா?"
"இல்ல."
"அப்ப முதுகை மட்டும் பாக்கேன்."

கட்டைவிரல் கழுத்திலிருந்து இறங்கியது.
பாதி உடம்பில் நின்றது.
திரும்ப மேலே போய், மறுபடி அங்கேயே வந்து நின்றது.
நான் பெட்டி மூடியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"எலி" என்றான்.
"இப்பத்தான் தின்னிருக்கான் போல."